கால் அறியாததை விளக்கு சொல்லும்

2010 பிப்ரவரி 9. டொயோட்டா நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடா டோக்கியோவில் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார். பிரியஸ் உள்ளிட்ட ஹைப்ரிட் கார்களில் உலகம் முழுக்கச் சுமார் 4,37,000 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். மூன்றாம் தலைமுறை பிரியஸ் சந்தைக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கோளாறு பிரேக்கில். குண்டும் குழியுமான சாலையிலோ, பனி படிந்த சாலையிலோ பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டு வரும்போது, ஒரு நொடி பிடி விட்டுப் போய் கார் முன்னே நழுவுகிறது என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள் போயிருந்தன.

அந்த அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்புவரை, இது ஓட்டுபவரின் உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம் என்ற தொனியில்தான் நிறுவனம் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் ஜனவரி முதல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த புதிய கார்களில் மென்பொருளை ஏற்கெனவே திருத்தியிருந்தார்கள். திருத்த வேண்டிய குறை என்று தெரிந்துதானே திருத்தினார்கள்? அதற்கு முன்பே பணம் கட்டி வாங்கியவர்களுக்கும் அதே நாளில் தகவல் போயிருக்க வேண்டும். போகவில்லை. இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன்.

அந்த ஒரு நொடி ஏன் நழுவியது என்று தெரிந்துகொண்டால், ஹைப்ரிட் காரின் பிரேக் மற்ற கார்களிலிருந்து எப்படி மாறுபடுகிறது என்பது புரிந்துவிடும். சாதாரணக் காரில் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும். பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய் காலிபரை அழுத்தும். பேட் டிஸ்க்கைக் கவ்வும். நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருவது பூஸ்டர். பெட்ரோல் காரில் அதற்குத் தேவையான வெற்றிட உறிஞ்சல் இன்ஜினிலிருந்து வருகிறது. ஹைப்ரிட்டில் சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். மெதுவாகப் போகும்போதும் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதை நம்பி பூஸ்டரை வைக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஹைப்ரிட்டின் பெரிய ஆதாயம் ஒன்று, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மோட்டார் மூலம் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புவதில் இருக்கிறது. எனவே நீங்கள் பெடலை அழுத்தியதும், எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்பதை ஒரு கணினி கணக்கிடுகிறது. அதில் இவ்வளவு மோட்டாருக்கு, இவ்வளவு பேடுக்கு என்று பங்கு பிரிக்கிறது. வேகத்தையும் பேட்டரியின் நிலையையும் பொறுத்து இந்தப் பங்கு நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும்.

2010-இல் சிக்கல் வந்த இடம் இந்தக் கைமாற்றம்தான். சக்கரம் வழுக்கியதும் மோட்டாரின் பங்கு விலக, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலையைத் தொடங்கியது. அந்தத் தருணத்தில், பெடலை மெல்ல அழுத்தியிருந்தவருக்குக் கிடைத்த பிடி அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வண்டி நின்றிருக்கும். ஆனால் முன்னால் இன்னொரு கார் நிற்கும்போது அந்த இடைவெளி யாருக்கும் சின்ன விஷயமாகத் தெரியாது. அதே பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனமும் ஃப்யூஷன், மெர்க்குரி மிலன் ஹைப்ரிட்களில் சுமார் 17,600 கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தது.

மென்பொருளை மாற்றி எழுதிவிடலாம். உலோகம் விரிசல் விட்டால் அப்படிச் சரிசெய்ய முடியாது. 2013 ஜூனில் டொயோட்டா மீண்டும் சுமார் 2,42,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவை 2009-இல் தயாரான பிரியஸ்களும் லெக்சஸ் எச்எஸ் 250எச் கார்களும். இந்த முறை கோளாறு அக்யுமுலேட்டர் என்ற பாகத்தில். இன்ஜினின் உறிஞ்சலுக்குப் பதிலாக, ஒரு சின்ன மின் பம்ப் பிரேக் ஆயிலை அழுத்தி இந்தக் குடுவையில் சேமித்து வைக்கிறது. குடுவைக்குள் மெல்லிய உலோகத் துருத்தி. அதற்குள் நைட்ரஜன் வாயு. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த வாயுதான். துருத்தி அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டால், வாயு கசிந்து ஆயிலில் கலக்கும். ஆயிலை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். எனவே பெடல் உள்ளே அதிகம் இறங்கும், அழுத்தம் குறையும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும்.

இந்தப் பம்பின் சத்தத்தைப் பழைய பிரியஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும், சாவி போடுவதற்கு முன்பே, பானட்டுக்குள்ளிருந்து சில நொடிகள் ஒரு முனகல் வரும். வண்டி பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றி வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். அது இயல்பு. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. வண்டியை ‘ரெடி’யில் வைத்து, பிரேக்கைத் தொடாமல் ஜன்னலை இறக்கிவிட்டுக் கேளுங்கள். யாரும் மிதிக்காதபோதே பம்ப் சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால், உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது. விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் அப்போதே சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய அம்பாசடரிலோ மாருதி 800-இலோ பிரேக் கெட்டால் முதலில் தெரிவது காலுக்குத்தான். பெடல் பஞ்சு போல அமுங்கும், தரையைத் தொடும், அல்லது கல்லாக இறுகும். ‘பிரேக் உள்ளே போகுது’ என்று சொன்னாலே மெக்கானிக் புரிந்துகொள்வார். பிரியஸ் வகைக் கார்களில் சாதாரண ஓட்டத்தின்போது காலுக்கும் காலிபருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெடலை அழுத்தும்போது உணரும் அந்த எதிர்விசையை ஸ்ட்ரோக் சிமுலேட்டர் என்ற ஸ்பிரிங் அமைப்பு உருவாக்கித் தருகிறது. உள்ளே பாகம் தேய்ந்துகொண்டிருந்தாலும், பெடல் புதுக் கார் போலவே இருக்கலாம். கணினிக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது. கணினி அதை நம்மிடம் சொல்ல இருக்கும் வழி டேஷ்போர்டு விளக்கும் அதனோடு ஒலிக்கும் பஸ்ஸரும்தான். நாற்பது வருடம் வண்டி ஓட்டிய அனுபவசாலிகளும் இந்த இடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். ‘பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, விளக்கு சும்மா எரியுது’ என்பது அவர்கள் பழைய காரிலிருந்து கொண்டுவந்த நியாயம்.

சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்கிறது. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. அல்லது அழுத்தம் தரும் அமைப்பே பழுதாகியிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் எரிந்தால் வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் நிறத்தில் எரியும் பிரேக் குறி, மின்னணு பிரேக் அமைப்பில் கோளாறு பதிவாகியிருப்பதைக் காட்டும். வண்டி நிற்கும், ஆனால் உடனே காட்ட வேண்டும். ஏபிஎஸ் விளக்கு, வழுக்கல் விளக்கு, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒன்றாக எரிந்து பஸ்ஸரும் ஓயாமல் கத்தினால், யோசிக்க ஒன்றுமில்லை, வண்டியைப் பத்திரமாக நிறுத்துங்கள். வலுவிழந்த 12 வோல்ட் பேட்டரிகூடச் சில நேரம் இப்படி எல்லா விளக்கையும் எரியவைக்கும். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். ஓடும் வண்டியில் உட்கார்ந்து நாமே ஊகிக்கக் கூடாது.

பம்ப் தரும் அழுத்தம் போனாலும் வண்டியை நிறுத்த ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். வால்வுகள் திறந்து, மாஸ்டர் சிலிண்டர் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். இரண்டாம் தலைமுறை பிரியஸில் அந்த இணைப்பு முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும். பூஸ்டர் உதவி இருக்காது, முழு பலமும் கால் தர வேண்டும். அந்த நேரத்தில் பழைய பழக்கத்தில் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் அழுத்தத்தைத் தின்றுவிடும். ஒரே அழுத்தாக, விடாமல், பலமாக மிதியுங்கள்.

மலைப்பாதைக்கு இன்னொரு விஷயம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஹைப்ரிட் பேட்டரி பாதியிலேயே நிரம்பிவிடலாம். நிரம்பிய பேட்டரியால் மேலும் மின்சாரத்தை வாங்க முடியாது. மோட்டாரின் பங்கு குறைந்து பாரமெல்லாம் பேட் மேல் விழும். கியரில் ‘B’ என்ற நிலை (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) இருந்தால் இறக்கம் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்; இன்ஜின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஹைப்ரிட்டில் மோட்டாரே பாதி வேலை செய்வதால் பேட் நெடுநாள் உழைக்கும். விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்வது இது, உண்மையும்கூட. ஆனால் பேட் மாற்ற வேண்டி வராததால் பலர் சக்கரத்தைக் கழற்றியே பார்ப்பதில்லை. காலிபர் பின் இறுகுகிறது, கடலோர ஊர்களில் டிஸ்க் துருவேறுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இழுக்கும். கையேட்டில் சொன்ன காலத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். அதைத் தெருமுனைப் பட்டறையில் பெடலை மிதித்து ஏர் எடுக்கிற முறையில் செய்யக் கூடாது. பல ஹைப்ரிட்களில் ஸ்கேனரை இணைத்து, கணினியின் ஒத்துழைப்போடுதான் செய்ய முடியும். பேட் கழற்றியிருக்கும்போது கதவைத் திறந்தால்கூடப் பம்ப் தானாக ஓடி, காலிபர் பிஸ்டன் வெளியே வந்துவிடும் வண்டிகள் உண்டு. அந்தப் பயிற்சி உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

இலங்கையில் இந்தப் பிரேக் கவனிப்புக்குக் கூடுதல் அவசரம் இருக்கிறது. வரிச்சலுகைக் காலத்தில் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய பிரியஸ், அக்வா, ஃபிட் கார்கள் அங்கே தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, அந்தக் கார்களையே வருடக்கணக்கில் ஓட்டியாக வேண்டிய நிலை வந்தது. பிரேக் யூனிட் புதிதாக வாங்க விலை கட்டுப்படியாகாமல், உடைத்த காரிலிருந்து எடுத்ததைப் போடுகிறார்கள். அப்படிப் போட்ட யூனிட்டும் அதே வயதுடையதுதான். வேறு வழியில்லாமல் போட்டாலும், ஸ்கேனரில் அளவு சரிசெய்யும் வேலையை விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி ஹைப்ரிட் எல்லாம் இப்போது சாலையில் சாதாரணம். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் புதியவை; இன்னும் சில வருடங்களில் பழைய கார் சந்தைக்கு வரும். வாங்குபவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். வண்டியை ஆன் செய்யும்போது பிரேக், ஏபிஎஸ் விளக்குகள் சில நொடி எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கிவிட்டு விற்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிறுவனத்தின் திரும்ப அழைத்தல் ஏதாவது பாக்கியிருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தை அசைக்கும் வழிகளில் உரிமையாளர்களின் புகார்களும் ஒன்று. எனவே விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் புகார் கொடுங்கள்.

பட்டறையில் யாராவது ஸ்கேனரை மாட்டி, ‘எரர் கோட் அழிச்சாச்சு சார், விளக்கு போயிடுச்சு’ என்று சொன்னால் சாவியை வாங்காதீர்கள். என்ன கோட் வந்தது, எதனால் வந்தது, எதைச் சரிசெய்தீர்கள் என்ற மூன்றுக்கும் பதிலைப் பில்லில் எழுதி வாங்கிய பிறகு வண்டியை எடுங்கள்.