குருதியமுக்கக் குளிசையும் அதன் பெயரும்

ஆனையிறவு என்றதும் உப்பே நினைவுக்கு வரும். கண்டி வீதி வன்னிப் பெருநிலத்தை விட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டினுள் நுழையும் அந்த ஒடுங்கிய நிலத்தின் இரு மருங்கிலும் கடல்நீரேரி பரந்து கிடக்கிறது. போரினால் நெடுங்காலம் மூடிக்கிடந்த உப்புத் தொழிற்சாலை 2025ஆம் ஆண்டு அங்கே மீண்டும் திறக்கப்பட்டது. உப்பு விளையும் இப்பகுதியிலும், உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் சொல்லி அனுப்பும் மக்கள் பலர் உண்டு. உயர் குருதியமுக்கம் உடையவர்கள் அவர்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே, உப்பு உண்ண வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவாகிய ஊர்களில் இது எளிதன்று. எனவே பெரும்பாலோர் குளிசையையே நம்பியிருக்கின்றனர்.

அக்குளிசை அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. ஆயினும் கையிருப்பு முடிந்துவிடும் மாதங்கள் உண்டு. அப்போது, வெளியில் வாங்கிக்கொள்ளுமாறு ஒரு துண்டு எழுதித் தருவார்கள். ஆனையிறவுப் பக்கத்தவர் அத்துண்டுடன் வடக்கே பளைக்கோ, தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிளிநொச்சிக்கோ செல்ல வேண்டும். முதற் கடையில் இல்லை. இரண்டாங் கடையிலும் இல்லை. மூன்றாங் கடைக்காரர் யாழ்ப்பாணத்திற் பார்க்கச் சொல்கிறார். பேருந்துச் செலவு மருந்தின் விலையை மிஞ்சிவிடுகிறது.

இவ்வலைச்சலில் ஒரு பகுதி மருந்தின் பற்றாக்குறையால் வருவது. மற்றொரு பகுதி பெயரால் வருவது. ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்துப் பொருளின் பொதுப்பெயர். மற்றையது அதனைச் செய்து விற்கும் கம்பனி சூட்டிய வணிகப்பெயர். அம்லோடிபின் என்பது பொதுப்பெயர். அதனையே ஒரு கம்பனி நோர்வாஸ்க் என்று விற்கிறது; வேறு கம்பனிகள் வேறு பெயர்களில் விற்கின்றன. லொசாட்டனும் கோசாரும் அவ்வாறே. வணிகப்பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவர், அதே பொருள் வேறு பெட்டியில் அடுத்த தட்டிலேயே இருந்தும் வெறுங்கையுடன் திரும்பக்கூடும்.

இச்சிக்கலை இலங்கையில் முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பயனற்றவையும் மிகையானவையுமான மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சியவை பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கப்பட்டன. விலை இறங்கியது. பெரிய கம்பனிகள் இதனை விரும்பாததில் வியப்பில்லை. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறியபின் தனியார் இறக்குமதி மீண்டும் ஓங்கியது. அதே ஆண்டிலேயே பிபிலே காலமானார். அவ்வாண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனமும் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. வைத்தியர் பொதுப்பெயரை எழுதவேண்டுமென்ற விதி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்டது.

பெயர் தெரிந்தும் பொருள் இல்லாத காலங்களை வன்னி மக்கள் நன்கறிவர். 1990களில், போரின் நடுவே, அப்பகுதிக்குச் செல்லும் மருந்துகளும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. 2022இல் நாடு முழுவதுமே அந்நிலையைக் கண்டது. மருந்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் வெளிநாட்டு நாணயம் தீர்ந்துபோக, அலுமாரிகள் வெறுமையாயின. பலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிசை விழுங்கி இருப்பை நீட்டினர்.

இவ்வாறு நீட்டுவது ஆபத்தானது. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் வலியோ தலைச்சுற்றோ காட்டுவதில்லை. ஆகவே மருந்தை விட்டும் சுகமாகவே இருப்பதாகத் தோன்றும். இரத்தக் குழாய்களோ தாக்கப்பட்டுக்கொண்டேயிருக்கும். பாரிசவாதமும் மாரடைப்பும் முன்னறிவிப்பின்றி வரலாம். அம்லோடிபின் உடலில் நெடுநேரம் தங்குவது. ஒருவேளை தவறினால் உடனே பெருங்கேடு நேர்வது அரிது. அற்றெனோலோல் போன்றவற்றின் இயல்பு வேறு. அவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு விரைந்து, நெஞ்சுவலியுங்கூடத் தோன்றலாம்.

மருந்தாளரிடம் மாற்றுப் பெட்டி கேட்கும்போது இரண்டைக் கவனித்தல் வேண்டும்: பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு. இரண்டும் பொருந்தினால் வணிகப்பெயர் மாறுவதுபற்றிப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. லொசாட்டன் 50 மில்லிகிராம் இல்லையெனில் 25 மில்லிகிராம் குளிசை இரண்டு போதும். ஆனால் மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட நிபெடிப்பின் போன்றவற்றை உடைக்கவோ, சாதாரண வகையால் மாற்றவோ கூடாது. லொசாட்டனுக்குப் பதில் எனலாப்பிரில் தருவது மருந்தையே மாற்றுவதாகும். அதனை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு தவறு வீட்டிலேயே நிகழ்கிறது. முதியோர்க்குக் குளிசையின் பெயரைவிட நிறமே நினைவில் நிற்கும். சென்ற மாதம் வெள்ளை, இம்மாதம் பச்சை என்றால் இரண்டும் வெவ்வேறு மருந்தென எண்ணி, மீந்திருந்த வெள்ளையையும் புதிய பச்சையையும் சேர்த்தே விழுங்கிவிடுகின்றனர். அமுக்கம் மிகத் தாழ்ந்து, எழுந்து நிற்கையில் மயங்கி வீழ்ந்து எலும்பு முறிந்தோரும் உண்டு.

எனவே வெறுமையான பழைய அட்டையை வீசிவிடாது கிளினிக் கொப்பியினுள் வைத்திருத்தல் நலம். பொதுப்பெயரும் அளவும் அதிலேயே அச்சாகியிருக்கும். கடைசிக் குளிசை முடியும்வரை காத்திராது, பத்து நாளைக்கு இருப்பு உள்ளபோதே விசாரிக்கலாம். கிளிநொச்சிக்குப் பேருந்து ஏறுமுன், அங்குள்ள மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து அட்டையிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துக் கேட்கலாம். அப்போதும் இல்லையென்றால், அதே கொப்பியுடன் கிளினிக் வைத்தியரிடம் திரும்பிச் சென்று, கிடைக்கக்கூடிய வேறொரு மருந்தை எழுதித் தருமாறு கேட்கலாம். அதற்குக் கிளினிக் நாள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.