12.79-க்கும் 12.7900-க்கும் இடையில்

கோவளம் கடற்கரை ஏறத்தாழ அட்சரேகை 12.79, தீர்க்கரேகை 80.25-இல் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே இரண்டு தசம இடங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள் எங்கே என்று தெரியாது. ஐந்து இடங்கள் இருந்தால் ஒரு மீட்டருக்கு வந்துவிடலாம். கடலுக்கடியில் இருக்கும் பாரில் (பாறைத்திட்டில்) வலை சிக்காமல் பார்த்துக்கொள்ளும் மீனவருக்கு இது பெரிய வித்தியாசம்.

நிரலுக்குள் வந்த ஓர் எண்ணில் எத்தனை தசம இடங்கள் இருந்தன என்று எப்படி அறிவது? சாதாரண தசம எண்ணாக மாறிய பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவர் கவனமாக அளந்து 12.7900 என்று எழுதியிருப்பார்; எண்ணாக மாறியதும் கடைசி இரண்டு சுழிகளும் போய்விடும். அதோடு, கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளால்தான் கட்டுகிறது. 80.25-இல் இருக்கும் கால் அதற்குச் சரியாக அடங்கும். 12.79 அடங்காது, மிக அருகிலுள்ள வேறோர் எண்தான் உள்ளே உட்காரும்.

இது தெரியாமல் செய்யும் தந்திரங்கள் காலை வாரும். முழு எண் வரும்வரை பத்தால் பெருக்கிப் பார்க்கலாம் என்பார்கள். 4.35-ஐ நூறால் பெருக்கினால் பைதான் நிரல்மொழியில் 435 வராது, 434.99999999999994 வரும். எழுத்தாக மாற்றிப் புள்ளிக்குப் பின்னால் எண்ணலாம் என்றால், 0.00001-ஐ அது 1e-05 என்று காட்டும். அதில் புள்ளியே இல்லை!

32 பிட்டில் சேமித்தால் இன்னொரு வேடிக்கை. எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்துச் சேமிக்கக்கூடிய எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும். கோவளத்தில் அட்சரேகை சுமார் 10 சென்டிமீட்டர் படிகளில் நகரும். தீர்க்கரேகையோ 80 சென்டிமீட்டருக்கும் மேல் தாவும். இருப்பிடத்துக்கு 64 பிட்தான் சரி.

படகு ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றில் பாகையும் கலையுமாக (மினிட்) 12° 47.401 என்று தெரியும். அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல், 1852 மீட்டர். கலையின் மூன்றாம் தசம இடம் சுமார் 1.85 மீட்டர். அந்த 12° 47.401-ஐ முழுவதும் பாகையாக்கினால் 12.7900166666… என்று முடிவில்லாமல் ஓடும். அத்தனை ஆறுகளும் வகுத்தலில் வந்தவை, கருவி அளந்தவை அல்ல. ஐந்து இடங்களோடு வெட்டிவிடலாம்.

எனவே தசம இடங்கள் முக்கியமென்றால், உள்ளே வரும்போதே எழுத்துவடிவில் வாங்குங்கள். பைதானில் ‘டெசிமல்’ வகைக்கு அந்த எழுத்தையே நேராகக் கொடுங்கள், 12.7900-இன் நான்கு இடங்களும் அப்படியே இருக்கும்.