ஐஜிஈ கூடினால் அலர்ஜி மட்டும்தானா? வயிற்றுப் பூச்சியையும் ஒருக்கா யோசியுங்கள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு பிள்ளைக்கு இரத்தம் சோதித்தால், சில வீடுகளில் ஒரே கதைதான்: "ஐஜிஈ கூட இருக்குதாம், அலர்ஜியாம்." உடனே பூனையை ஆருக்குக் குடுக்கிறது, இறால் கறியை நிப்பாட்டுறதா எண்டு விவாதம் தொடங்கிவிடும். நானும் இந்த நாட்டில் வளர்ந்து, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த மூன்று எழுத்து என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பெயர் வைத்தது லொசானில்

ஐஜிஈ எங்கள் இரத்தத்தில் உள்ள ஐந்து வகைப் பிறபொருளெதிரிகளில் ஒன்று. ஐந்திலும் அளவில் மிகக் குறைந்தது இதுதான். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியான பிறகு, 1968இல் லொசானில் கூடிய உலக சுகாதார நிறுவனக் கூட்டத்தில்தான் 'ஐஜிஈ' என்ற பெயர் வந்தது.

ஆனால் மகரந்தத்துக்குத் தும்முவதற்காகவா உடம்பு இதை வைத்திருக்கிறது? குடற்புழுக்களை எதிர்க்கத்தான் இது உருவானது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கிருமியை ஒரு வெள்ளை அணு விழுங்கிவிடும். புழுவை விழுங்க முடியாது, அது அவ்வளவு பெரிசு. அதனால் வேறு வழி. 'மாஸ்ட்' கலங்களின் மேல் ஐஜிஈ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். புழுவின் புரதம் பட்டவுடன் அந்தக் கலம் ஹிஸ்டமினைக் கொட்டும். குடலில் சளியும் நீரும் சுரக்கும், குடல் இறுகித் தள்ளும். ஈயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களும் வந்து புழுவைத் தாக்கும். இதே வேலை மூக்கில் மகரந்தத்துக்கு எதிராக நடந்தால், அதுதான் எங்கட பிள்ளைகளின் 'ஹொய்ஷ்னுப்பன்'.

அப்ப பூச்சி நல்லதோ?

புழுவும் சும்மா இருக்காது. வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் எங்கள் எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்தும். காபோன் நாட்டில் இரத்தப்புழு தொற்றிய பள்ளிப் பிள்ளைகளுக்கு, வீட்டுத் தூசு உண்ணிக்கான தோல் சோதனையில் எதிர்வினை குறைவாக இருந்ததை 2000இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் எக்குவடோரில் பூச்சி மருந்து கொடுத்த பிறகும் பிள்ளைகளின் அலர்ஜி கூடவில்லை.

எல்லாப் புழுவும் ஒரே மாதிரியும் இல்லை. சூரிச் பேராசிரியர் வில்ஹெல்ம் லொஃப்லர் 1932இல், எக்ஸ்ரேயில் தோன்றிச் சில நாளில் மறையும் நுரையீரல் நிழலை விவரித்தார். இரத்தத்தில் ஈயோசினோபிலும் கூடியிருக்கும். வட்டப்புழுவின் குடம்பிகள் நுரையீரல் வழியாகப் போவது இதற்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். மலையகத் தோட்டத் தொழிலாளர்களை அது எவ்வளவு வாட்டியது என்றால், 1916இலேயே ரொக்ஃபெல்லர் அமைப்பு இலங்கையில் அதற்கென ஒரு இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது.

சுவிஸ் பண்ணைப் பிள்ளைகளுக்கு ஹொய்ஷ்னுப்பன் குறைவு என்பதும் உண்மைதான். கிராப்ஸ் ஊரின் பள்ளி வைத்தியர் மார்க்குஸ் காஸ்னர் இதைக் கவனித்தார். பாசலைச் சேர்ந்த ஷார்லொட் பிரவுன்-ஃபாரென்டர் குழுவின் ஆய்வு 1999இல் அதையே காட்டியது. ஆனால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது மாட்டுத் தொழுவத்து நுண்ணுயிர்கள், காய்ச்சாத பால் போன்றவை. பூச்சி அல்ல.

இறாலை நிப்பாட்ட முதல்

இறால், தூசு உண்ணி, வட்டப்புழு மூன்றிலும் 'ட்ரோபொமயோசின்' என்ற புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். புழுவுக்கு எதிராக உருவான ஐஜிஈ, சோதனையில் இறாலையும் பிடித்துவிடலாம். ஆகவே முதல் கேள்வி: இறால் சாப்பிட்டால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதும் செய்யுதா? ஒன்றும் செய்யாவிட்டால் அந்தத் தாளை மட்டும் நம்பி உணவை வெட்டாமல் வைத்தியரோடு பேசுங்கள். ஆனால் ஒருமுறையாவது உதடு வீங்கியது, மூச்சு முட்டியது என்றால் வீட்டில் பரீட்சை பார்க்க வேண்டாம்.

அம்மம்மா, அப்பப்பாவுக்கு இது முக்கியம்

என்ர அப்பாவுக்கு மூட்டு வாதத்துக்குக் கோர்ட்டிசோன் தொடங்க முதல் வைத்தியர் கேட்டது, "சின்ன வயதில் எங்கே வளர்ந்தீர்கள்?" நாங்கள் முழித்தோம். விஷயம் இதுதான்: 'ஸ்ட்ரோங்கிலோய்டிஸ்' என்ற புழு, வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக நுழையும். உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றி, பல பத்து வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. கோர்ட்டிசோன் எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் அது உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊரை விட்டு வந்து முப்பது, நாப்பது வருடம் ஆனாலும் இது பொருந்தும். மலச் சோதனையில் பலமுறை தப்பிவிடும். இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்ப்பது கூடுதல் பயன் தரும். இருந்தால் ஐவர்மெக்டின் குளிசையால் குணப்படுத்தலாம். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ஒரு குழாய் இரத்தத்தால் எங்களுக்கு நிம்மதி.

வைத்தியரிடம் போகும்போது

• எந்த நாட்டுக்கு, எப்போது, எவ்வளவு நாள் போனீர்கள், பிள்ளை வெறுங்காலோடு விளையாடியதா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். இங்குள்ள வைத்தியர் கேட்காமல் விடலாம்.

• ஐஜிஈயோடு ஈயோசினோபிலும் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் கூடியிருந்தால் அலர்ஜியோடு புழுவையும் தேடுவது நியாயம்.

• கிண்டர்கார்டனில் பரவும் கீரிப்பூச்சி வேறு. இரவில் ஆசனவாயில் கடிக்கும், பொதுவாக ஐஜிஈயைப் பெரிதாகக் கூட்டாது.

• ஊரில் மாதிரி ஆறு மாதத்துக்கு ஒருக்கா பூச்சிக் குளிசை இங்கே தேவையில்லை. பிள்ளைகளில் 20 வீதமோ அதற்கு மேலோ தொற்றுள்ள இடங்களுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் காலத்துக்குக் காலம் பூச்சிக் குளிசை கொடுக்கும்படி பரிந்துரைக்கிறது.

• குடும்ப வைத்தியருக்குச் சந்தேகம் என்றால், 1943இல் தொடங்கிய பாசல் வெப்பமண்டல நிறுவனம் போன்ற இடத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்குக் கோர்ட்டிசோன் அல்லது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எழுதப்பட்டால், தொடங்க முதல் ஸ்ட்ரோங்கிலோய்டிஸ் சோதனையை நினைவூட்டுங்கள். ஜேர்மன் தடுமாறும் அவர்களுக்காக அதைக் கேட்க வேண்டியது நாங்கள்தான்.