பத்து விதையில் எட்டு முளைத்தால் போதுமா? முளைப்புத் திறன் சோதனைக்கு ஒரு கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா நாற்றங்கால் விடுவதற்கு முன்பு பெரும்பாலான விவசாயிகள் விதையை முளைக்கப்போட்டுப் பார்ப்பது வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் பலரும் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எட்டு முளைத்தால் "எண்பது சதவீதம், நல்ல விதை" என்றும், ஆறு முளைத்தால் "விதை சரியில்லை" என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த இரண்டு முடிவுமே தவறாகப் போக வாய்ப்பு உண்டு. எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம். நிலக்கடலைக்கு 70 சதவீதம். உளுந்து, பச்சைப்பயறுக்கு 75 சதவீதம். ஒரு மூட்டை நெல் விதையின் உண்மையான முளைப்புத் திறன் 80 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஒவ்வொரு விதையும் முளைக்க நூற்றுக்கு 80 வாய்ப்பு, முளைக்காமல் போக 20 வாய்ப்பு. முளைக்கும் அல்லது முளைக்காது, மூன்றாவது கிடையாது. இப்படி இரண்டே முடிவு உள்ளவற்றைப் பலமுறை எண்ணும்போது வருவதைத்தான் பள்ளிப் பாடத்தில் ஈருறுப்புப் பரவல் என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கீழே உள்ள எண்களைப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நல்ல மூட்டையிலிருந்து நூறு விவசாயிகள் ஆளுக்குப் பத்து விதை எடுத்துப் போட்டால், சுமார் 11 பேருக்குப் பத்தும் முளைக்கும். 27 பேருக்கு ஒன்பது, 30 பேருக்கு எட்டு, 20 பேருக்கு ஏழு. மீதி 12 பேருக்கு ஆறு அல்லது அதற்கும் குறைவாகத்தான் முளைக்கும். அந்த 12 பேரும் நல்ல விதையைக் குறை சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

இதைவிட மோசமானது மறுபக்கம். மழையில் நனைந்தோ, ஈரத்தோடு மூட்டை பிடித்தோ முளைப்புத் திறன் 60 ஆகக் குறைந்த விதை ஒன்று. அதிலும் நூறு பேர் பத்துப் பத்தாகப் போட்டுப் பார்த்தால், சுமார் 17 பேருக்கு எட்டு அல்லது அதற்கு மேல் முளைத்துவிடும். அவர்கள் நம்பி நாற்றங்கால் விடுவார்கள். 80 முளைக்க வேண்டிய இடத்தில் 60 முளைத்தால் நாற்றில் கால் பங்கு குறையும். ஒரு ஏக்கருக்கு விட்ட நாற்று முக்கால் ஏக்கருக்குத்தான் வரும். நடவு ஆட்களைக் கூட்டி வந்த பிறகு பக்கத்து ஊரில் நாற்றுக்கு அலையும்போதுதான் இது தெரியவரும்.

எனவே பத்து விதை போதாது. நூறு விதை போடுங்கள். ஆய்வகத்தில் நூறு நூறாக நான்கு முறை, மொத்தம் 400 விதை போடுகிறார்கள். காரணம் சம்பிரதாயம் அல்ல. எண்ணிக்கை கூடக் கூட, முடிவுகள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சரியும் மணி வடிவத்துக்கு வந்துவிடும். இதுதான் இயல்நிலைப் பரவல். அதற்கு ஒரு வசதி உண்டு: சிதறல் எவ்வளவு என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். விதை எண்ணிக்கையை முளைக்கும் வாய்ப்பாலும் முளைக்காத வாய்ப்பாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நூறு விதைக்கு 100 × 0.8 × 0.2 = 16; வர்க்கமூலம் 4. இதன் பெயர் திட்டவிலக்கம். நூற்றுக்கு 95 முறை முடிவு இந்த 4-ன் இரு மடங்குக்குள்தான் இருக்கும். அதாவது 80 சதவீத விதையில் நூறு போட்டால் 72 முதல் 88 வரை முளைப்பது இயல்பு. 400 விதை போட்டால் அந்த வரம்பு 76 முதல் 84 சதவீதமாகச் சுருங்கும். விதையை நான்கு மடங்காக்கினால் தடுமாற்றம் பாதியாகத்தான் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் வீட்டில் ஆயிரம் விதை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

உங்கள் சோதனையில் நூற்றுக்கு 76 முளைத்தால் என்ன செய்வது? 80 சதவீத விதையிலேயே 76 அல்லது அதற்குக் கீழே வர நூற்றுக்கு 19 வாய்ப்பு உண்டு. அதை வைத்து விற்றவரிடம் சண்டைக்குப் போக முடியாது. 71 முளைத்தால் கதை வேறு. நல்ல விதையில் அப்படி வர நூற்றுக்கு 2 வாய்ப்புதான். உடனே இன்னொரு நூறு போடுங்கள். அதிலும் அதே அளவில் வந்தால் சந்தேகம் உறுதி. பில், மூட்டையில் தைத்திருக்கும் சான்று அட்டை, மிச்ச விதை மூன்றையும் பத்திரப்படுத்தி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ விதை ஆய்வாளரிடமோ தெரிவிக்க வேண்டும். மொத்த விதையையும் நாற்றங்காலில் விட்டுவிட்டால் மறுபடி சோதிக்க எதுவும் இருக்காது. 60 சதவீத விதை நூறு விதைச் சோதனையில் 80-ஐத் தொட, பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. பத்து விதையில் 17 பேர் ஏமாந்தார்களே, அது இங்கே அறவே போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் விதையைச் சரியாக எடுத்தால்தான் பொருந்தும். மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கைப்பிடி அள்ளினால் அது மேல்பகுதியின் சோதனைதான். தரையில் பட்ட அடிப்பகுதி ஈரம் குடித்திருக்கலாம். பழவேற்காடு, மீஞ்சூர் பக்கம் கடற்காற்றில் இது சாதாரணம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து பொறுக்காமல் நூறு எண்ண வேண்டும். பருத்த மணியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து மொத்தத்தையும் ஏற்பதா, திருப்புவதா என்று முடிவு செய்வது இதே கணக்கில்தான்.

இன்னொன்று, புதிதாக அறுத்த நெல்லுக்கு உறக்கநிலை உண்டு. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 13 ஆனாலும் சரி, வேறு ரகமானாலும் சரி, அறுவடை முடிந்த கையோடு சோதித்துவிட்டு முளைக்கவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். சில வாரங்கள் உலர்வாக வைத்திருந்து மறுபடி போடுங்கள்.

குழிக்கு இரண்டு விதை ஊன்றும் வெண்டை, தர்பூசணி போன்ற பயிர்களுக்கும் இது உதவும். முளைப்புத் திறன் 70 என்றால், ஒரே விதை ஊன்றிய குழிகளில் நூற்றுக்கு 30 காலியாகப் போகும். இரண்டு ஊன்றினால் இரண்டும் முளைக்காமல் போக 0.3 × 0.3, அதாவது நூற்றுக்கு 9 குழிதான் காலி. ஆயிரம் குழிக்கு 90. திட்டவிலக்கம் 9 என்பதால் 72 முதல் 108 வரை எதிர்பார்க்கலாம். ஆகவே பாடுவாசி நிரப்ப அதே நாளில் 120 பாலித்தீன் பையில் இரண்டிரண்டு விதை ஊன்றி வையுங்கள். அதிலும் நூற்றுக்கு 9 பை போனால் 109 பையில் செடி இருக்கும். வயலில் எத்தனை காலி என்று பார்த்த பிறகு விதை ஊன்றினால், நிரப்பிய செடி பின்தங்கிவிடும்.

நெல்லில் முளைப்புத் திறன் 70 என்று உறுதியாகி, வேறு விதைக்கு வழியில்லை என்றால் விதையளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஏக்கருக்கு 24 கிலோ விடும் இடத்தில் 24 × 80 ÷ 70, ஏறக்குறைய 27 அரை கிலோ. 60-க்கு இறங்கிவிட்டால் இப்படி ஈடுகட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவுக்குக் கெட்ட விதையில் முளைப்பதும் வீரியமில்லாமல் நோஞ்சானாகத்தான் வரும்.

விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க நினைப்பவர்கள் நாற்றங்காலுக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். நெல்லுக்கு ஐந்தாம் நாள் ஒரு முறையும் பதினான்காம் நாள் கடைசியாகவும் எண்ணிய பிறகே அவர்கள் முடிவு தருவார்கள்.