ஆகஸ்டில் நடை போடும் சென்னை

1639 ஆகஸ்ட் 22. தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி கடலோரத்தில் ஒரு துண்டு நிலம் பெற்றதாகக் கொள்ளப்படும் நாள். இல்லை, ஜூலை 22தான் என்று வாதாடுவோரும் உண்டு. சென்னையின் பிறந்தநாள் கொண்டாட்டம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

'சென்னை தினம்' அரசாணையில் பிறந்ததல்ல. வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கி வைத்தது. ஒரு நாள் விழா வாரமாகி, இப்போது ஆகஸ்ட் முழுக்கப் பரவிவிட்டது.

இதில் ரசிக்கத்தக்க விஷயம், யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி நடத்தலாம் என்பதுதான். மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு குழு நடக்கும்; ஜார்ஜ் டவுன் சந்துகளில் இன்னொன்று. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், 1680இல் திறக்கப்பட்ட செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைப் பார்க்கச் சிலர் போவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா, பழைய புகைப்படங்களின் கண்காட்சி, சாப்பாட்டுப் பிரியர்களுக்கு உணவு நடை என்று பட்டியல் நீளும்.

ஆகஸ்டைத் தவறவிட்டவர்களுக்கு ஏப்ரல் 18 உலக மரபு நாளும், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரமும் இருக்கின்றன. மரபு நடைகள் பெரும்பாலும் வெயில் ஏறுமுன் தொடங்கிவிடும். அலாரம் வைத்துக்கொள்வது நல்லது!