வீட்டுப் பட்டறை சிஎன்சி ரௌட்டர்

வீட்டுப் பட்டறை சிஎன்சி ரௌட்டர் என்பது, கணினி தரும் எண்முறைக் கட்டளைகளின்படி சுழலும் வெட்டுமுனையை நகர்த்தி மரம், ஒட்டுப்பலகை, நெகிழி, அலுமினியத் தகடு முதலியவற்றை வெட்டவும் செதுக்கவும் ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளும் பொறி ஆகும். தொழிற்சாலைப் பொறிகளைப் போலவே இதுவும் எக்ஸ், ஒய், இசட் என்னும் மூன்று அச்சுகளில் இயங்குகிறது. கட்டுப்பாட்டு முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சட்டத்தின் விறைப்பில்தான் வேறுபாடு மிகுதி.

வரலாறு

எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் பொறி 1952 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. நெடுங்காலம் இத்தொழில்நுட்பம் பெரிய ஆலைகளுக்கே உரியதாக இருந்தது. தனிமேசைக் கணினியின் 25 முள் இணைத்துறை வழியாக மோட்டார்களை இயக்கும் மென்பொருட்கள் வந்த பின்னரே இது வீட்டுப் பட்டறைகளை எட்டியது. இவற்றுள் கட்டற்ற மென்பொருளான இஎம்சி, 2011 இல் லினக்ஸ்சிஎன்சி எனப் பெயர் மாற்றப்பட்டது. 2009 இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்னும் நிரல், ஆர்டுயினோ போன்ற சிறிய சுற்றுப்பலகையிலேயே மூன்று அச்சுகளையும் கட்டுப்படுத்த வழிசெய்தது.

சட்டமும் விறைப்பும்

பெரும்பாலான வீட்டுப் பொறிகளில் மேசை நிலையாக இருக்க, அதன் குறுக்கே ஒரு பாலம் முன்னும் பின்னும் நகரும். வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார் அப்பாலத்தில் இடவலமாக நகரும். எம்டிஎஃப் பலகை, ஒட்டுப்பலகை, அலுமினியச் சட்டம் ஆகியவை வழக்கமான கட்டுமானப் பொருட்கள்.

புதிதாகக் கட்டுவோர் பலர் மோட்டாருக்கும் மின்னணுவியலுக்கும் செலவிட்டு, வழிகாட்டித் தண்டுகளில் சிக்கனம் பார்ப்பதுண்டு. இது தவறான இடத்தில் செய்யும் சிக்கனம். இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட 16 மி.மீ. விட்டமும் 800 மி.மீ. நீளமும் உடைய எஃகுத் தண்டின் நடுவில் 50 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை, செயற்பட்டால் தண்டு சுமார் 0.8 மி.மீ. வளையும். இரு தண்டுகள் அச்சுமையைப் பகிர்ந்தாலும் 0.4 மி.மீ. வளைவு எஞ்சும். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், தண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே முதற்பொறியைச் சிறிதாகக் கட்டுவது நன்று. பெரிய மேசை தேவையெனில், அடி முழுவதும் சட்டத்தில் பொருத்தப்படும் தண்டுகளையோ தட்டையான நேர்கோட்டு வழித்தடங்களையோ பயன்படுத்த வேண்டும்.

படி அளவும் துல்லியமும்

ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிநிலை மின்னோடி பொதுவாக ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கும். இயக்கிச் சுற்று ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600 நுண்படிகள் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டுடன் இணைத்தால் ஒரு நுண்படி 0.005 மி.மீ. ஆகும். விற்பனை விளம்பரங்கள் இவ்வெண்ணையே துல்லியம் எனக் கூறுவது வழக்கம். ஆனால் திருகுத்தண்டுக்கும் நட்டுக்கும் இடையே 0.2 மி.மீ. தளர்வு இருந்தால், அச்சு திசை மாறும்போதெல்லாம் அவ்வளவு தொலைவு இழக்கப்படும். வெட்டிய வட்டத்தில் நான்கு இடங்களில் சிறு படிகள் தென்படுவது இதன் அடையாளம். இரு நட்டுகளுக்கு இடையே சுருள்வில் வைத்து அழுத்தம் கொடுப்பது எளிய தீர்வு.

பாலம் மேசைக்குச் செங்குத்தாக உள்ளதா என்பதையும் அளந்தறிய வேண்டும். 300 மி.மீ., 400 மி.மீ. பக்கங்களுள்ள செவ்வகம் ஒன்றை வெட்டினால் இரு மூலைவிட்டங்களும் 500 மி.மீ. இருக்க வேண்டும். அவற்றிடையே 1 மி.மீ. வேறுபாடு இருந்தால், 400 மி.மீ. பக்கம் ஏறத்தாழ 0.8 மி.மீ. சாய்ந்துள்ளது என்று பொருள். மோட்டாரை மாற்றுவதால் இப்பிழை தீராது; பாலத்தைத் தளர்த்தி மீண்டும் பொருத்துவதே வழி.

வெட்டும் வேகம்

மேசையில் வெட்டுமுனை நகரும் வேகம், சுழற்சி வேகம், வெட்டுவிளிம்புகளின் எண்ணிக்கை, ஒரு விளிம்பு சீவும் தடிப்பு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, 2 விளிம்பு, 0.05 மி.மீ. சீவல் எனில் நிமிடத்துக்கு 1800 மி.மீ. வருகிறது. அச்சம் காரணமாக மிக மெதுவாக நகர்த்தினால் வெட்டுமுனை சீவாமல் உராய்ந்து மரத்தைக் கருக்கும். மிக விரைவாக நகர்த்தினால் மோட்டார் படிகளைத் தவறவிடும். சாதாரண ஸ்டெப்பர் அமைப்பில் தவறிய படியைக் கட்டுப்படுத்தி அறியாது. அதன்பின் வரும் வெட்டுகள் அனைத்தும் இடம் பெயர்ந்தே அமையும்.

பாதுகாப்பு

அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளை நம்பாமல் மின்வழங்கலையே துண்டிக்குமாறு அமைக்க வேண்டும். எல்லை ஆளிகள் இயல்பில் மூடிய வகையாக இருந்தால், கம்பி அறுந்தாலும் பொறி நின்றுவிடும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டுள்ளது. எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது. எனவே உறிஞ்சு குழாயும் தூசி வடிகட்டும் முகமூடியும் தேவை. தளர்ந்த உடையும் கையுறையும் சுழலும் வெட்டுமுனையில் சிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பொறி இயங்கும்போது ஆளில்லாமல் விட்டுச் செல்லலாகாது. உராய்வில் கனன்ற தூள், உறிஞ்சியின் கொள்கலனுக்குள் சென்று தீப்பற்றக்கூடும்.