நான்காவது கால்

சிவப்பு விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. திரையும் கூடவே மினுக்குகிறது. கேசட்டை உருவி, ஊதி, திரும்பச் செருகினாலும் அதே கதைதான். 1980களின் பின்பாதியில் அமெரிக்காவில் நின்டெண்டோவின் என்ஈஎஸ் விளையாட்டுப் பெட்டி வாங்கிய பலர் பட்ட பாடு இது. காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட்டையே பெட்டிக்குள் இருந்த பூட்டு போலி என்று தள்ளிக்கொண்டிருந்தது.

பூட்டு என்னவோ அழகான வேலைப்பாடு. பெட்டிக்குள் ஒரு குட்டிச் சிப், கேசட்டுக்குள் அதே சிப் இன்னொன்று. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே கணக்கை ஒரே தாளத்தில் போட்டு, விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு விடை பிசகினால் போதும், பெட்டியின் சிப் ஏறத்தாழ வினாடிக்கு ஒரு தடவை இயந்திரத்தை முதலிலிருந்து தொடங்க வைக்கும். மினுக்கலுக்குக் காரணம் அதுதான். தன் அனுமதியில்லாமல் எவரும் கேசட் விற்கக் கூடாது என்று நிறுவனம் செய்த ஏற்பாடு. 1983-இல் ஜப்பானில் வந்த மூத்த வடிவமான ஃபேமிகாமில் இந்தப் பூட்டு கிடையாது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று ஓடியவை பெரும்பாலும் அதன் நகல்கள். எந்தக் கடைக் கேசட்டும் அவற்றில் ஆடியது.

என்ஈஎஸ் கேசட்டைச் செருகும் இடத்தில் 72 தொடுமுனைகள். அவற்றில் 4 பூட்டுக்கானவை. செருகிச் செருகி முனைகள் தளர்ந்துபோகும். விளையாட்டைப் படிக்கும் முனைகள் நன்றாக இருந்தாலும், இந்த நான்கில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் ஆட்டம் இல்லை.

வழியும் அந்தச் சிப்பிலேயே இருந்தது. இரண்டு இடத்திலும் ஒரே சிப் என்பதால், தான் பூட்டா சாவியா என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வது அதன் 4-வது கால். அங்கே மின்னழுத்தம் வந்தால் பூட்டு, வராவிட்டால் சாவி. பெட்டியைத் திறந்து, கட்டிங் பிளேயரால் அந்த ஒரு காலை நறுக்கி நிமிர்த்திவிட்டால், பூட்டு தன்னைச் சாவி என்றே நம்பிவிடும். சாவிக்கு யாரையும் தடுக்கும் வேலை கிடையாது. மினுக்கல் நின்றுவிடும்.

என் பெட்டி, என் மேசை, என் கட்டிங் பிளேயர். இதில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இன்றைய சாதனங்கள் பலவற்றில் பூட்டு பிராசசருக்குள்ளேயே புதைந்திருக்கிறது, நறுக்கக் கால் எதுவும் வெளியே தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1993-இல் நின்டெண்டோவே என்ஈஎஸ்-ஐப் புது வடிவத்தில் கொண்டுவந்தது. கேசட்டை மேலிருந்து செருகும் அந்தப் பெட்டியில் பூட்டுச் சிப் வைக்கப்படவில்லை.